மின்னலைப் பிடித்த விஞ்ஞானி: ஒரு பழைய படமும் எமது பாடமும்

கம்பளைப் புகையிரத நிலையத்திலிருந்து மலைநாடு நோக்கி ஏறும் வண்டி உலப்பனையைக் கடந்து சென்று நாவலப்பிட்டியில் மூச்சு வாங்கி நிற்கும். அந்நகரின் பெயரைக் கேட்டவுடன் மலையகத்துத் தமிழர் பலருக்கு ஒரு நடிகரின் முகம் நினைவுக்கு வருதல் இயல்பு. எம். ஜி. இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கண்டிப் பிரதேசத்திற் பிறந்தவர். நாவலப்பிட்டியே அவர் பிறந்த ஊர் எனப் பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. ஆகவே அவர் நடித்த படமொன்றைப் பற்றி எமது கல்லூரியின் விழா மலரில் எழுதுவதற்கு அயலூர் உறவு என்ற உரிமை எமக்கு உண்டு.

ஆயினும் அவ்வுரிமை ஒன்றை மாத்திரமே கருதி யாம் எழுதுகோலை எடுத்தோமல்லோம். கல்லூரி மலரிற் சினிமாவுக்கு என்ன இடம் என்று முதிய அன்பர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். விஞ்ஞானம் என்பது யாது, விஞ்ஞானி என்பவர் எத்தகையவர் என்ற எண்ணம் எம் மாணவர் உள்ளத்திற் பாடநூலால் மாத்திரம் உருவாவதில்லை. ஆய்வுகூடம் ஒன்றைக் கண்ணாற் காணுமுன்னரே அதனைத் திரையிற் கண்டவர் எம்மிற் பலர். நிறநீர் கொதிக்கும் கண்ணாடிக் குடுவை, தானாகச் சுழலும் முள், சிவப்பும் பச்சையுமாக மின்னும் விளக்கு, நடுவே நின்று உரக்கச் சிரிக்கும் ஒரு மனிதர்: இதுவே எமக்குக் கிடைத்த முதலாவது விஞ்ஞான பாடம். அப்பாடத்தில் எது மெய், எது பொய் என்று பிரித்தறிதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுள்ள பயிற்சியாகும். அதற்கு யாம் எடுத்துக்கொண்ட படம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’.

படமும் அதன் கதையும்

எம். ஜி. ஆர். தாமே தயாரித்து இயக்கிய இப்படம் 1973ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் வெளிவந்தது. அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு 1972 ஒக்டோபரிற் புதிய கட்சி தொடங்கிய சில மாதங்களுக்குள் வந்தமையால் படத்துக்கு வெளியேயும் பரபரப்பு மிகுந்திருந்தது. அதனை யாம் ஈண்டு விரிக்கவில்லை. வெளிவந்தபோது நாயகருக்கு வயது 56. தலைப்பிலோ ‘வாலிபன்’. இரசிகர் எவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

முருகன் என்னும் விஞ்ஞானி மின்னலை ஆராய்கின்றான். அதன் ஆற்றலிற் சிறு பகுதியைப் பிடித்து அடக்கிவைக்கும் வழியையும் கண்டுபிடிக்கின்றான். விஞ்ஞானிகள் கூடிய அவையில் அதனை வெளிப்படுத்தும் அவன், அழிவு வேலைக்குப் பயன்படக்கூடும் என அஞ்சிக் குறிப்புக்களை அழித்துவிடுவதாகக் காட்டிக்கொள்கின்றான். உண்மையில் அவற்றை மறைத்து வைக்கின்றான். பைரவன் என்னும் மற்றொரு விஞ்ஞானிக்கு அக்குறிப்புக்கள்மீது தீராத ஆசை. வெளிநாட்டுக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டுவது அவன் நோக்கம். முருகன் இணங்காதபோது பைரவன் அவனைப் பின்தொடர்ந்து சென்று சித்தங் கலங்கும்படி செய்து சிறைப்படுத்துகின்றான். தமையனைத் தேடித் தம்பி ராஜு புறப்படுகின்றான். ஹொங்கொங், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, யப்பான் எனக் காட்சிகள் விரிகின்றன. முருகன், ராஜு ஆகிய இருவரும் எம். ஜி. ஆரே. பைரவனாக நடித்தவர் எஸ். ஏ. அசோகன். சந்திரகலா, மஞ்சுளா, லதா, நாகேஷ், நம்பியார், மனோகர் ஆகியோரும் உளர். இசை எம். எஸ். விஸ்வநாதன். படப்பிடிப்பு அனுபவங்களைத் ‘திரைகடலோடித் திரைப்படம் எடுத்தோம்’ என்னும் தலைப்பில் ‘பொம்மை’ இதழில் எம். ஜி. ஆர். தொடராக எழுதினார்.

யப்பானின் ஒசாகா நகரில் 1970ஆம் ஆண்டு மார்ச்சு முதல் செப்டெம்பர் வரை நடைபெற்ற உலகக் கண்காட்சியிலேயே முக்கியமான காட்சிகள் எடுக்கப்பட்டன. மனித குலத்தின் முன்னேற்றமும் இசைவும் என்பது அக்கண்காட்சியின் கருப்பொருள். அமெரிக்கக் கூடத்திற் சந்திரனிலிருந்து கொண்டுவந்த கல்லொன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதனைக் காண மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். விஞ்ஞானம் எல்லாத் துயரையும் தீர்த்துவிடும் என உலகம் நம்பிய காலத்தின் உச்சி அது. அதே யப்பான் மண்ணிலேதான் 1945இல் அணுகுண்டு இரு நகரங்களை அழித்திருந்தது. நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே நின்ற அவ்விடத்தில், விஞ்ஞானத்தை எவர் கையில் ஒப்படைப்பது என்று வினவும் கதை படமாக்கப்பட்டமை பொருத்தமே.

எமது நாட்டில் 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியபின் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குச் சென்றது. தமிழ்நாட்டிற் படம் வெளிவந்த அன்றே இங்கும் பார்க்கும் வாய்ப்பு எமக்கு இருக்கவில்லை. பாட்டுக்கள் வானொலி வழியாக முன்னரே வந்து சேர்ந்தன. பாட்டைக் கேட்டுக் கதையை யாமே கட்டிக்கொண்டோம். பின்னர் படத்தைப் பார்த்தபோது எம் கற்பனைக் கதைக்கும் திரைக்கதைக்கும் அதிக வேறுபாடு இருக்கவில்லை என்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

இன்றைய மாணவர் இப்படத்தைப் பார்த்தால் நகைப்பர். ஆய்வுகூடத்துக் கருவிகள் எதனை அளக்கின்றன என்பது எவர்க்கும் தெரியாது. பைரவன் ஒவ்வொரு சொல்லையும் நீட்டி முழக்கிப் பேசுவான். அசோகனின் அந்நடிப்பே படத்தின் சுவைகளுள் ஒன்று. நகைத்தல் தவறன்று. நகைத்தபின் சிந்தித்தால் நன்று.

பித்தன் என்னும் உருவம்

விஞ்ஞானியைப் பித்தனாகக் காட்டும் வழக்கு மேனாட்டிலிருந்து வந்தது என்பர். மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்ரைன்’ நாவலே அதன் ஊற்று. பிணத்துக்கு உயிரூட்டிய இளைஞன், தான் படைத்த உருவைக் கண்டு அஞ்சி ஓடுவதும், கைவிடப்பட்ட அவ்வுரு பழிவாங்குவதும் கதை. அக்காலத்தில் இது வெறுங்கற்பனையாகத் தோன்றவில்லை. இத்தாலியரான கல்வானி மின்சாரத்தால் இறந்த தவளையின் கால் துடிப்பதைக் காட்டியிருந்தார். அவருடைய மருகர் அல்டினி 1803இல் இலண்டனிலே தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரத்தைச் செலுத்தி அதன் தசைகளைத் துடிக்கச் செய்தார். 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹொலிவூட் படத்தில், இடிமின்னல் கொண்டு உயிரூட்டும் ஆய்வுகூடக் காட்சி வந்தது. அதன்பின் உலகெங்கும் எடுக்கப்பட்ட பித்த விஞ்ஞானிப் படங்களுக்கு அக்காட்சியே முன்மாதிரியாயிற்று.

ஆனால் இக்கருத்து எம்மவர்க்குப் புதியதன்று. பஞ்சதந்திரத்திலே, காட்டிற் கிடந்த எலும்புகளைக் கண்ட கற்றோர் மூவருள் ஒருவன் அவற்றைப் பொருத்துகின்றான். இரண்டாமவன் தசையும் தோலும் போர்த்துகின்றான். மூன்றாமவன் உயிர் கொடுக்க முனைகின்றான். கல்லாத நான்காமவனோ, “பொறுங்கள், இது சிங்கம்” என்று சொல்லி மரத்திலேறிக் கொள்கின்றான். மரத்திலேறியவனே பிழைத்தான். கைபட்டதெல்லாம் சாம்பலாகும் வரத்தைப் பெற்று, வரந்தந்தவர்மீதே அதனைச் சோதிக்க விரும்பிய பஸ்மாசுரன் கதையும் எமது புராணங்களில் உண்டு. ஆற்றல் வந்தபின் அறிவு வராவிட்டால் என்ன நேரும் என்பதை எம் முன்னோர் ஆய்வுகூடம் இன்றியே அறிந்திருந்தனர்.

‘பித்தன்’ என்ற சொல்லும் எம்மிடத்து இழிசொல் மாத்திரமன்று. திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரர் இறைவனை முதலில் அழைத்தது அச்சொல்லாலன்றோ? ஒன்றிலே முழுவதும் ஊன்றி நிற்பவனையும் உலகம் பித்தன் என்கின்றது. அவ்வகையில் ஆராய்ச்சியாளர் யாவரும் சிறிது பித்தரே. ஆகவே பித்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வேறெதனைக் கண்டு அஞ்சவேண்டும்?

இவ்வினாவுக்கு எமது படம் தரும் விடை கூர்மையானது. இதிலே தீய விஞ்ஞானி பித்தனல்லன். பைரவன் தெளிந்த புத்தியுடையவன், விலை பேசத் தெரிந்தவன், கணக்குத் தவறாதவன். சித்தங் கலங்கி நிற்பவன் நல்லவனாகிய முருகனே. மேனாட்டு மரபைத் தலைகீழாக்கிய இம்மாற்றத்தைத் தயாரிப்பாளர் எண்ணிச் செய்தாரோ அன்றோ, பொருள் ஒன்றே: அறிவை விற்பவன் தெளிவாயிருக்கின்றான், அதன் விளைவை எண்ணி வருந்துபவன் கலங்கி நிற்கின்றான். உலகில் அன்றும் இன்றும் காணப்படும் நிலை இதுவே.

மின்னலின் கணக்கு

இனி ஆசிரியப் பணிக்கு வருவோம். முருகனைப்போல் மின்னலைப் பிடித்து அடக்க இயலுமா? மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க கணக்கு இது.

ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் ஏறக்குறைய 100 கோடி யூல் என மதிப்பிடுவர். வீட்டு மின்மானி காட்டும் ஓர் அலகு 36 இலட்சம் யூல். 100 கோடியை 36 இலட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 280 அலகு வரும். வானத்தைப் பிளந்து மலையை நடுங்கச் செய்யும் மின்னல் ஒன்றின் முழு ஆற்றலும் சிக்கனமான சிறு குடும்பமொன்றின் சில மாத மின்பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றது.

மற்றொரு ஒப்பீடும் எமது ஊரிலேயே உண்டு. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் 1985இற் செயற்படத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கத்தின் மின்நிலையம் கம்பளைக்கு அண்மையில் நிலத்தடியில் அமைந்துள்ளது. அதன் கொள்ளளவு 201 மெகாவாற்று, அஃதாவது செக்கனுக்கு 20 கோடி யூலுக்குச் சற்றுக் கூட. முழு ஆற்றலோடு இயங்கும்போது, ஒரு மின்னல் முழுவதிலும் உள்ள ஆற்றலை அந்நிலையம் 5 செக்கனில் ஓசையின்றித் தந்துவிடுகின்றது. பைரவன் தேடியலைந்த செல்வம் இவ்வளவே!

அவ்வாறாயின் மின்னல் ஏன் அத்துணைப் பயங்கரமாயிருக்கின்றது? ஆற்றலின் அளவாலன்று, அது வெளிப்படும் வேகத்தால். ஒரு செக்கனின் மிகச் சிறு கூற்றிலே ஏறக்குறைய 30,000 அம்பியர் மின்னோட்டம் பாய்கின்றது. அது செல்லும் ஒடுங்கிய பாதையிலுள்ள வளி ஏறக்குறைய 30,000 பாகை வரை சூடேறுகின்றது. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையைப்போல் இது ஐந்து மடங்காகும். அவ்வளி திடீரென விரிவதே இடியோசை. ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவும் ஒளியாகவும் ஒலியாகவும் வானிலேயே கழிந்துபோக, நிலத்தை அடைவது சிறு பங்கு. எங்கே, எப்பொழுது விழும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. செயற்கைக் கோள்களின் கணிப்பின்படி உலகமெங்கும் செக்கனுக்கு ஏறக்குறைய 45 மின்னல்கள் தோன்றுகின்றன. அவற்றைப் பிடிக்க உலகமெங்கும் கோபுரம் கட்டவேண்டும். ஆகவே முருகனின் கண்டுபிடிப்பு இயற்கை விதிக்கு முற்றிலும் மாறானதன்று. செலவுக்கு ஏற்ற வரவில்லாதது. விஞ்ஞானத்தில் ‘இயலாது’ என்பதும் ‘பயனில்லை’ என்பதும் வெவ்வேறு விடைகள் என்பதை மாணவர் மனங்கொள்க.

வகுப்பறையில் நிகழ்ந்தது

இக்கணக்கை யாம் இத்துணை உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு. யாம் இப்பிரதேசத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலே, இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த மாணவனொருவன் எழுந்து, “சேர், மின்னலைப் பிடிக்க ஏலுமா?” என்று வினவினான். யாம் கரும்பலகையிற் கணக்கைப் போட்டு, “பிடித்தாலும் உன் வீட்டு விளக்குக்குச் சில மாதம் வரும், அவ்வளவுதான்” என்று வேடிக்கையாக விடை கூறினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

இடைவேளையின்போது அவனோடு ஒரே தோட்டத்திலிருந்து வரும் மற்றொரு மாணவன் எம்மிடம் வந்து மெல்லச் சொன்னான். முந்திய ஆண்டு ஐப்பசி மாதத்துப் பிற்பகலொன்றில் அவனுடைய சித்தி மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டு நின்றபோது மின்னல் தாக்கி இறந்துபோனார் என்று. அவன் வினவியது திரைப்பட வியப்பினாலன்று. மின்னலைப் பிடிக்க ஒருவரால் இயலுமானால், அது மலைக்கு வருமுன் பிடித்திருக்கலாமே என்பது அவன் உள்ளத்துக் கேள்வி. யாம் அதற்கு மின்பட்டியலால் விடை கூறினோம்! கணக்குச் சரியாயிருந்தது; விடை பிழையாயிருந்தது. ஆசிரியத் தொழிலில் யாம் செய்த தவறுகளுள் இதனை மறந்தோமில்லை.

அடுத்த பாடத்தில் அவனைத் தனியே சுட்டாமல் வகுப்புக்கு இடிதாங்கியைப் பற்றிப் படிப்பித்தோம். பாடம் முடிந்ததும் அவன் மீண்டும் எழுந்தான். “துரை பங்களாவில் இடிதாங்கி இருக்குது சேர். மலையில் ஏன் இல்லை?” என்றான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. எமக்கு உடனே விடை வரவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்துக் கூறிய விடை இதுவே. இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். ஏக்கர்க்கணக்கான திறந்த மலைச்சரிவைக் காக்காது. மலையில் நிற்பவரைக் காப்பது கருவியன்று, வேளையறிந்து இறங்குதல். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. ஒலி ஒரு கிலோமீற்றர் வருவதற்கு ஏறக்குறைய 3 செக்கன் செல்லும். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. உடனே உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ செல்லவேண்டும். கடைசி இடியோசை கேட்டு அரை மணிநேரம் கழியும்வரை வெளியே வருதலாகாது. தனிமரத்தின்கீழ் ஒதுங்குதல் பெருந்தவறு. இலங்கையில் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையிலே மின்னல் மிகுதி. இவ்வளவும் எந்த மாணவனும் தாய்க்குச் சொல்லக்கூடிய விஞ்ஞானம்.

ஆயினும் அறிவு மாத்திரம் போதுமா? வானம் கறுப்பதைக் கொழுந்து பறிக்கும் தாய் அறியாதவரல்லர். நிறை குறைந்தால், இடையில் இறங்கினால், அன்றைய பெயர் அரைப்பெயராகுமோ என்ற அச்சமே அவரை மலையில் நிறுத்துகின்றது. இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஆகவே மின்னற் பாடத்தை மாணவர் மாத்திரமன்றி, மலையிலிருந்து ஆட்களை இறக்கும் அதிகாரமுள்ளோரும் கற்கவேண்டும். அம்மாணவன் கேட்ட கேள்வியின் மறுபாதி இதுவே.

மூன்று வழிகள்

மீண்டும் படத்துக்கு வருவோம். அறிவைப் பெற்றவர் அதனை என்செய்வது என்பதற்கு இப்படம் இரண்டு வழிகளைக் காட்டுகின்றது. பைரவன் வழி விற்பது. முருகன் வழி ஒளிப்பது. முதலாவது தீது என்பதில் ஐயமில்லை. இரண்டாவதையோ படம் போற்றுகின்றது. யாம் அதனை முழுவதும் ஏற்கவில்லை. ஒளித்த அறிவு எவரையும் காப்பதில்லை. கதையிலேயே அது துரோகத்தையும் துரத்தலையும் வளர்ப்பதன்றி வேறொன்றும் செய்யவில்லை. மேலும் இயற்கையின் விதியை ஒருவர் ஒளித்தால் மற்றொருவர் கண்டுபிடிப்பார். மின்னல் முருகனுக்கு மாத்திரம் மின்னுவதன்று.

மூன்றாவது வழியொன்று உண்டு. அதனைக் காட்டியவர் மின்னலையே ஆராய்ந்த மெய்யான விஞ்ஞானி. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் 1752இற் பட்டம் விட்டுச் செய்த சோதனையால் மின்னலும் மின்சாரமும் ஒன்றே எனக் காட்டியவர். இடிதாங்கி அமைக்கும் முறையை 1753இல் தமது பஞ்சாங்கத்திலே அச்சிட்டு எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை பெற்றுப் பொருள் தேடவில்லை. விற்கவுமில்லை, ஒளிக்கவுமில்லை, கொடுத்தார். மின்னலைப் பிடித்து அடக்குவதன்று, அதற்குப் பாதை காட்டி மண்ணுக்குள் அனுப்புவதே அவர் கண்ட உபாயம். அதே 1753இல் இத்தகைய சோதனையில் ஈடுபட்ட ரிச்மன் என்னும் விஞ்ஞானி உருசியத் தலைநகரிலே மின்னல் தாக்கி உயிர் துறந்தார். அவரைப் பித்தர் என்று சொல்ல எமக்கு நா எழாது.

எமது மலைநாட்டின் வரலாற்றிலும் இதற்கு உதாரணமுண்டு. கம்பளைப் பகுதியிலே 1820களிற் கோப்பித் தோட்டம் தொடங்கிற்று. எம் முன்னோரிற் பலர் கடல் கடந்து வந்தது அக்கோப்பிக்காகவே. 1869இல் இலங்கையிற் கோப்பி இலையில் மஞ்சட் புள்ளி நோய் காணப்பட்டது. அது பரவித் தோட்டங்கள் வாடியபோது, 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். துரைமார் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. இரண்டாண்டு ஆராய்ந்த அவர் சொன்னதோ வேறு: நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு, அதன் நுண்வித்துக்களைக் காற்றுச் சுமந்து செல்கின்றது, இடையீடின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே அது பரவ வழிசெய்தது. நோயைத் தீர்க்கும் மருந்து அவரிடம் இருக்கவில்லை. இல்லாத மருந்தை விற்கவும் அவர் முயலவில்லை. கேட்போர்க்கு இனிக்காத உண்மையை எழுதி வெளியிட்டுவிட்டுச் சென்றார். கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வார்ட் கூறிய உண்மையோ இன்றும் பயிர்நோயியல் மாணவர்க்கு முதற்பாடம். வெண்திரை இவரைப்பற்றிப் படமெடுக்காது. இவர் உரக்கச் சிரிப்பதில்லை; இவர் ஆய்வுகூடத்திற் சிவப்பு விளக்கு மின்னுவதில்லை. ஆனால் விஞ்ஞானி எத்தகையவர் என்று மாணவர் வினவினால் யாம் காட்டும் முகம் இதுவே.

கலையும் விஞ்ஞானமும்

எம். ஜி. ஆர். பத்தாண்டுக்கு முன்னரே நடித்த மற்றொரு படத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963இல் வெளிவந்தது. ககாரின் விண்வெளி சென்று இரண்டாண்டே ஆகியிருந்த காலம். அதிலே வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருகின்றனர். விஞ்ஞானத்தில் மிக முன்னேறிய அவர்களிடம் கலை வளரவில்லை. ஆகவே பாடல் வல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். பி. பானுமதி அப்பெண்ணாகவும், நம்பியார் கவர்ந்து செல்பவனாகவும் நடித்தனர். தமிழ்த் திரையில் விண்கலம் தோன்றிய முதற் படங்களுள் இஃது ஒன்று.

விண்கலத்தின் தோற்றத்தைக் கண்டு நகைக்கலாம். கருத்தைக் கண்டு நகைக்க இயலாது. விண்ணிற் பறக்கக் கற்றவர்க்கும் பாட ஒருவர் வேண்டும் என்கின்றது கதை. அப்பாட்டு கடத்தி வந்தால் வருவதன்று என்பதையும் சேர்த்துச் சொல்கின்றது. விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என மாணவரை இரு வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசையை மேலென்றும் மற்றதைக் கீழென்றும் எண்ணும் பெற்றோர் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் நலம்.

இவ்விரு படங்களுக்குப் பின்னும் தமிழ்த் திரை விஞ்ஞானியை விடவில்லை. இறந்தவரை எழுப்பும் மருந்தைப் பற்றிய ‘நாளைய மனிதன்’ 1989இல் வந்தது. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்திலே, எந்திர மனிதனைப் படைத்த விஞ்ஞானியும் அதனை விலைக்கு விற்க முனையும் மூத்த விஞ்ஞானியும் எதிரெதிர் நிற்கின்றனர். பெயர் மாறிற்று; பைரவன் மாறவில்லை.

முடிவுரை

விழாக் காணும் இக்கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இன்று பயிலும் மாணவர்க்கு யாம் சொல்ல விரும்புவது இது. நீவிர் கற்கும் அறிவு எவரோ விற்காமலும் ஒளிக்காமலும் விட்டுச் சென்றது. அதனைப் பெற்று உயர்ந்தபின், மலையிலிருந்து எழும் கேள்வியைக் கேட்டு நகையாதீர். கேட்பவன் எதனைக் கேட்கின்றான் என்பதை முதலில் அறிந்து, பின்னரே கணக்கைப் போடுவீராக. எம்மால் ஒருநாள் அது முடியாமற் போயிற்று.

பழைய மாணவராகிய அன்பர்களே, அடுத்த முறை இப்படத்தைக் காணும்போது வழக்கம்போற் பாட்டுக்குத் தாளம் போடுங்கள்; பைரவன் வரும்போது சிரியுங்கள். வெளியே மேகம் இருண்டு மின்னல் தோன்றினால் மாத்திரம், பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்குங்கள். யார் யார் இன்னும் மலையில் நிற்கின்றனர் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மாணவர் சிந்தனைக்கு

1. மின்னலைக் கண்டபின் 12 செக்கன் கழித்து இடியோசை கேட்டது. மின்னல் எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது? அவ்வேளை திறந்த வெளியில் நிற்றல் தகுமா?

2. 201 மெகாவாற்று மின்நிலையம் ஒரு மணிநேரத்தில் தரும் ஆற்றல் எத்தனை மின்னல்களின் முழு ஆற்றலுக்குச் சமம்?

3. முருகன் தன் குறிப்புக்களை ஒளித்தது சரியா? பிராங்கிளின் செய்ததோடு ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்கு மேற்படாது எழுதுக.

4. இடிமின்னல் வேளையில் மலையில் வேலை செய்வோரை இறக்குவதற்கு உமது தோட்டத்தில் என்ன ஒழுங்கு உண்டு? வீட்டாரிடம் கேட்டு அறிந்து வருக.